கடை மூடினாலும் கணக்கு நோட்டை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் கோவையிலிருந்து ஒருவர், சின்ன ஊர்களில் பழைய மளிகைக் கடைகள் மூடப்படுவதற்கு யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். எடையில் அடித்தார்கள், கலப்படம் செய்தார்கள், கடனைக் கொடுத்து ஊரையே கைக்குள் வைத்திருந்தார்கள், இப்போது விலை அச்சடித்த பாக்கெட்டைப் பார்த்து எடுத்துக்கொள்கிறோம், நல்லதுதானே என்பது அவர் வாதம். அப்படிப்பட்ட கடைகளும் இருந்தன, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆடிக் கடைசியில் எங்கள் ஊர்ச் செட்டியார் கடையை மூடிவிட்டார்கள். அந்தக் கடைப் பண்டத்தைத் தின்று வளர்ந்தவள் நான், அதனால் அவர் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. கடையைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை, அது நடக்காது என்று எனக்கும் தெரியும். அந்தக் கடையில் மிஞ்சியிருக்கும் கணக்கு நோட்டுகளுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர், சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் ஓரிடம். பெயரைப் போட்டால் அந்தக் குடும்பத்தைத் தேடிக்கொண்டு ஆட்கள் போய் நிற்பார்கள், அதனால் வேண்டாம். கீழ்பவானி வாய்க்கால் ஊரை ஒட்டிப் போகிறது. வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் நெல்லும் கடலையும் விளையும், மேல்பக்கம் மானம் பார்த்த காடும் மாடு மேய்கிற கொறங்காடும். ஊருக்குள் இரண்டு வீதி முச்சூடும் தறி. எங்கள் அப்பாவும் தறிக்காரர், பெட்ஷீட் நெய்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊரில் மூன்று விதமான ஆட்கள் மூன்று விதமாகக் காசு பார்த்தார்கள். தோட்டங்காட்டுக்காரர்களுக்கு வெள்ளாமை வந்தால்தான் பணம், தறிக்காரர்களுக்கு வாரக் கூலி, காட்டு வேலைக்குப் போனவர்களுக்கு அன்றன்றைக்குக் கூலி. செட்டியார் மூன்று நோட்டு வைத்திருந்தார். அன்றாடத்துக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று, வெள்ளாமைக்கு ஒன்று. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நீளவாக்கில் மடிக்கிற மாதிரி, துணி அட்டை போட்ட நோட்டுகள். யார் எந்த நோட்டு என்று கேட்க வேண்டியதே இல்லை, ஆளைப் பார்த்ததும் கை அந்த நோட்டுக்குப் போய்விடும்.

வெள்ளாமை நோட்டைப் பற்றிச் சொன்னால்தான் அவருடைய சூட்சுமம் விளங்கும். கீழ்பவானிப் பாசனம் 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடையாது. ஆயக்கட்டைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்டு 15 வாக்கில் நெல்லுக்குத் தண்ணீர், மறு பாதிக்கு ஜனவரிக்கு மேல் கடலை, எள்ளுக்குத் தண்ணீர். அடுத்த வருசம் அப்படியே மாறும். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று கணக்கு. எந்தத் தோட்டம் எந்த மதகில் பாய்கிறது என்பது செட்டியாருக்கு மனப்பாடம். இந்த வருசம் இவருக்கு நெல்லுத் தண்ணி, தை மாசம் அறுத்துவிடுவார், அதனால் தீபாவளிக்கு இவ்வளவு வரைக்கும் எழுதலாம். அவருக்குக் கடலைத் தண்ணி, சித்திரை தாண்டித்தான் காசு, அதுவரைக்கும் அவர் கேட்டாலும் தாங்காது என்று இவராகவே அளவு வைத்திருந்தார். "மாப்பிள்ளை, இந்தத் தடவை நோம்பிக்குச் சிக்கனமாப் பண்ணிக்கோங்க, அடுத்த வருசம் நெல்லுத் தண்ணி வரட்டும், ஜமாய்ச்சுப்புடலாம்" என்று அவர் சொன்னதை நான் நின்று கேட்டிருக்கிறேன். எந்த பேங்க் மேனேஜருக்கு இப்படி மதகு வாரியாக ஊர் தெரியும்?

வட்டி வாங்க மாட்டார். ஆனால் கடனுக்கு எழுதுகிற பண்டத்துக்கு விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அது ஊருக்கே தெரியும், அவரும் ஒளித்ததில்லை. ரொக்கத்துக்கு இந்த விலை, கணக்குக்கு இந்த விலை என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் நிறுப்பார். கோவை வாசகர் இதைச் சுரண்டல் என்கிறார். சரி, இப்போது எங்கள் ஊரில் குழுக் கடன் கொடுக்கிறவர்கள் வாரா வாரம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, தவணை கட்டும் வரைக்கும் எழுந்திருப்பதில்லை, ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற பெண்களை விட்டுக் கேட்கச் சொல்கிறார்கள். செட்டியார் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. தறி ஓடாத வாரம் அம்மா கடைக்குப் போய்த் தயங்கி நிற்பார். "ஏனுங்க, இந்த வாரம் பாவு வல்லீங்க, கூலி இல்லீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், "அதுக்கென்னங்க அம்மிணி, தறி ஓடாட்டி வயிறு ஓடாதுங்களா, என்ன வேணும் சொல்லுங்க" என்பார். அம்மா திரும்பி வரும்போது பை கனத்திருக்கும். நாலு வாரம் சேர்ந்த பிறகு அவரே ஒரு வழி சொல்வார், பழையதை ஓரமாகத் தள்ளி எழுதிவிட்டு, இனிமேல் வாங்குவதற்கு மட்டும் வாரா வாரம் கொடுங்கள், பழசை ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு போகிற சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளும் பட்டினி இல்லாமல் பள்ளிக்கூடம் போனதற்கு அந்த ஓரத்தில் எழுதிய கணக்கும் ஒரு காரணம், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். கடையில் ஒரு பெரிய தராசு தொங்கும், பித்தளைத் தட்டு, பக்கத்தில் இரும்புப் படிக்கல் வரிசையாக. படிக்கல்லைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு குழி, அதில் ஈயம் ஊற்றி முத்திரை குத்தியிருக்கும். எடைக்கல் தேய்ந்தால் அந்த ஈயத்தைக் கூட்டிச் சரி செய்து அதிகாரி முத்திரை போடுவார். யாராவது சந்தேகமாகப் பார்த்தால் செட்டியார் கோபித்துக்கொள்ள மாட்டார், படிக்கல்லைத் திருப்பிக் காட்டி இந்த வருசத்து முத்திரையைப் படிக்கச் சொல்வார். சின்னப் பிள்ளைகளிடமும் காட்டுவார். தட்டில் ஒன்றும் இல்லாதபோது முள் நடுவில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அப்புறம்தான் கல்லைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இன்றைக்கும் காய்கறிக் கடையில் மின்தராசு சைபர் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் பையை நீட்டுகிறேன். எங்கள் பாட்டி மட்டும் கடைசி வரைக்கும் கிலோவுக்கு மாறவில்லை, வீசை, பலம் என்றுதான் கேட்பார். ஒரு வீசை என்றால் ஏறக்குறைய 1,400 கிராம். செட்டியார் மனதுக்குள் மாற்றி, சரியாக நிறுத்துக் கொடுத்து, "வீசைக்குச் சரியா இருக்குதுங்க ஆத்தா" என்று சொல்லி அனுப்புவார். கிலோ என்ற பேச்சையே எடுக்க மாட்டார்.

தானியம் படியால் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்று ஆரம்பித்து இரண்டு, மூன்று என்று போவார். இல்லை என்ற சொல் அந்தக் கடையில் கிடையாது. பெருங்காயம் தீர்ந்திருந்தால் "நாளைக்கு வருதுங்க" என்பார், மறுநாள் கட்டாயம் வந்திருக்கும்.

கலப்படம் பற்றி அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மல்லித்தூள் எதையும் அவர் விற்றதில்லை. "தூளாக்கினதுக்கு அப்புறம் உள்ளே என்ன கெடக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க, முழுசா வாங்கிட்டுப் போயி அரைச்சுக்கோங்க" என்பார். விரலி மஞ்சளை ஒடித்து உள்ளே நிறம் காட்டுவார். மிளகில் பப்பாளி விதை கலந்து வந்தது என்று ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பியதைப் பற்றிப் பல நாள் பேசிக்கொண்டிருந்தார், கொஞ்சம் மிளகைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதைத் தனியாக எடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். 1998-ல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்து, அதைச் சாப்பிட்டவர்கள் உடம்பு வீங்கிப் பலர் செத்துப் போனார்கள். அந்த ஆண்டே மத்திய அரசு எண்ணெயைப் பாக்கெட்டில்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அது சரியான உத்தரவு என்றுதான் செட்டியாரும் சொன்னார், ஆனால் அவர் கடையில் பாதிப்பு யாருக்கு வந்தது தெரியுமா? காட்டு வேலை முடித்துச் சாயங்காலம் வருகிற பெண்கள், கழுத்தில் கயிறு கட்டிய சின்னக் கண்ணாடிக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு வந்து, அன்றைக்கு ராத்திரிக் குழம்புக்கு வேண்டிய எண்ணெயை மட்டும் வாங்குவார்கள். அகப்பையால் மொண்டு, புனல் வைத்து ஊற்றி, கடைசிச் சொட்டு விழும் வரைக்கும் அகப்பையைக் கவிழ்த்துப் பிடித்திருப்பார். அவர்களுக்கு அரை லிட்டர் பாக்கெட் வாங்க ஒரே நேரத்தில் காசு கிடையாது. கொஞ்ச நாள் அவர் ஒரு பாக்கெட்டை வெட்டி மூன்று பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார், சட்டப்படி அதுவும் தப்பாக இருக்கலாம், எனக்குத் தெரிந்து யாரும் குறை சொல்லவில்லை.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதிலும் பிடிவாதக்காரர். நாட்டுச்சர்க்கரை என்றால் கவுந்தப்பாடி, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது, நமக்கு மட்டும் எதற்கு வேறு என்பார். வெல்லம் சித்தோடு. தேங்காயெண்ணெய் காங்கேயம், அங்கே கொப்பரை காய்கிற களத்தை நேரில் பார்த்துவிட்டு வருவார். வெண்ணெய் ஊத்துக்குளி, அதுவும் நோம்பி நாட்களில்தான். உப்பு தூத்துக்குடி, மூட்டையாக வந்து கடைக்கு வெளியே திண்ணையிலேயே கிடக்கும், ராத்திரியும் அங்கேதான், உப்பைத் திருடுகிறவன் ஊரில் இல்லை.

எனக்கு அவரை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது செலவு சாமான்தான். எங்கள் பக்கத்தில் மசாலாப் பண்டங்களைச் செலவு என்போம், செலவு ரசம் வைக்காத வீடு கிடையாது. பிரசவமான வீட்டிலிருந்து யாராவது வந்து, "பிள்ளை பெத்த செலவு வேணுங்க" என்று சொன்னால் போதும், சீட்டுத் தேவையில்லை. "தலைச்சனுங்களா? இன்னைக்கு எத்தனாம் நாள்? பால் இருக்குதுங்களா?" என்று மூன்று கேள்வி. பதிலைக் கேட்டுக்கொண்டே சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், ஓமம், பெருங்காயம் என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, தராசைத் தொடாமல் விரல் நுனியால் எடுத்து வைப்பார். பால் குறைவு என்றால் பூண்டும் வெந்தயமும் கூடும், வெயில் காலம் என்றால் மிளகு குறையும். குழந்தைக்கு உரைப்பதற்கு வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய், மாசிக்காய் தனிப் பொட்டணம். எல்லாவற்றையும் தாளில் கூம்பாகச் சுற்றி, மேலே மடித்துச் சொருகி, உத்தரத்தில் தொங்குகிற நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு சுண்டு சுண்டினால் நூல் அறுந்துவிடும். அந்தப் பொட்டணத்துக்கு மட்டும் காசை உடனே வாங்க மாட்டார், குழந்தைக்குப் பெயர் வைத்த பிறகு கொடுங்கள் என்பார். எங்கள் அம்மா எனக்கு வாங்கிய செலவுக்கு நான் நடக்க ஆரம்பித்த பிறகுதான் காசு கொடுத்ததாகச் சொல்வார். எனக்குக் குழந்தை பிறந்தபோது நான் பெருந்துறையில் இருந்தேன், இங்கே எத்தனையோ கடை உண்டு, அப்பா பஸ் ஏறி ஊருக்குப் போய் செட்டியாரிடம்தான் வாங்கி வந்தார். இப்போது பிரசவ லேகியம் டப்பாவில் கிடைக்கிறது, நல்லதாகவும் இருக்கலாம். எத்தனாம் நாள் என்று அந்த டப்பா கேட்பதில்லை.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று எழுதினால் அது பொய். காலனியிலிருந்து வருகிறவர்கள் கடைப் படிக்குக் கீழேதான் நின்றார்கள். காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொல்வதும், பண்டத்தைப் பலகையில் தள்ளி விடுவதும் நான் சின்ன வயதில் கண்ணால் பார்த்தது. ஊரில் எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். செட்டியார் அதை ஏற்படுத்தவில்லை, மாற்றவும் அவசரப்படவில்லை. ஒரு சமயம் காலனிப் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய், திரும்பி வந்து நேராகப் படியேறி நின்று கேட்ட பிறகுதான் மாறியது. பணத்துக்கு வழி சொன்ன மனிதர் இதற்கு முன்கூட்டியே வழி சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. அவர் மேல் வைத்திருக்கிற மரியாதையோடு சேர்த்துத்தான் இதையும் சொல்கிறேன்.

கடை ஏன் மூடியது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. பெரிய கடை வந்தது ஒன்று. கம்பெனி பாக்கெட்டுகளில் கிடைக்கிற லாபம் சொற்பம், அதற்கும் ரொக்கம் முன்னால் கட்ட வேண்டும். சாக்குச் சரக்கில்தான் கடை ஓடியது, 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் வந்தது, ஏழை வீட்டுக்கு அது பெரிய நிம்மதி, கடைக்கு அரிசி வியாபாரம் படுத்தது, இரண்டும் உண்மை. செட்டியாருக்குப் பிறகு கடையைப் பார்த்த மகனுக்கே இப்போது வயதாகிவிட்டது, பேரன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான், வந்து கல்லாவில் உட்காரச் சொல்ல முடியுமா? ஆனால் கடைசிக் காலத்திலும் அந்த நோட்டு இரண்டு தடவை ஊரைத் தாங்கியது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு, தறிக்காரர்களுக்குக் கூலி கொடுக்கச் சில்லறை இல்லை, ஏடிஎம் வரிசையில் நாள் முழுக்க நின்றார்கள். வயதான செட்டியார் நாற்காலியைக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் போடச் சொல்லி, பல வருசமாகக் கணக்கில் இல்லாதவர்களுக்கும் புதுப் பக்கம் போட்டு எழுதச் சொன்னார். அதற்கு அடுத்த வருசம் அவர் காலமாகிவிட்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மகன் அதையே செய்தார், கேட்காமலே. பெரிய கடைக்கு காரில் போய்க்கொண்டிருந்தவர்கள் அந்த இரண்டு மாதம் இங்கே பையோடு நின்றார்கள், அப்புறம் பழையபடி போய்விட்டார்கள்.

இப்போது நோட்டுகளுக்கு வருகிறேன். கடையைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தராசை ஒருவர் அலங்காரத்துக்கு என்று விலை பேசி எடுத்துப் போயிருந்தார், பழைய டப்பாக்கள், மரப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஆள் வந்திருந்தது. அட்டாலியில் (பரணில்) சாக்கில் கட்டிக் கிடந்த நோட்டுகளுக்கு மட்டும் ஆள் இல்லை, பழைய பேப்பர்க்காரர் மறுநாள் வருவதாக இருந்தது. அண்ணாவிடம் (செட்டியார் மகனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டு இரண்டு கட்டைப் பிரித்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம்.

ஒவ்வொரு நோட்டும் சித்திரை முதல் தேதி தொடங்குகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, "லாபம்" என்ற சொல், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கறை. பழைய நோட்டுகளில் தோட்டத்துக்காரர்கள் கணக்கில் அரிசியே அபூர்வம், நோம்பிக்கும் ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வந்த நாளுக்கும் மட்டும் எழுதியிருக்கிறது. காட்டுக் கம்பும் சோளமும் வீட்டிலேயே இருந்தது, கடையில் வாங்கியது உப்பு, புளி, மிளகாய், மண்ணெண்ணெய். அப்புறம் வருசம் போகப் போக அரிசி ஏறுகிறது, கம்பு மறைகிறது, மறைந்த பிறகு பல வருசம் கழித்துக் கம்பு மறுபடி வருகிறது, இந்தத் தடவை கடையில் காசு கொடுத்து வாங்குகிற பண்டமாக. மண்ணெண்ணெய் குறைகிறது. காபித்தூள் முதலில் இரண்டு மூன்று வீட்டுக் கணக்கில்தான், பின்னால் எல்லோர் கணக்கிலும். மழை பொய்த்த 2002, 2003 வருசங்களில் வெள்ளாமை நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் வரவே இல்லை, "நிலுவை கொண்டு வந்தது" என்ற வரி மட்டும் மேலே, கீழே உப்பு, பருப்பு என்று இரண்டு மூன்று உருப்படி. எந்தச் செய்தித்தாளும் அந்த வறட்சியை இவ்வளவு வீடு வீடாக எழுதியிருக்காது.

இன்னொன்றும் பார்த்தேன். முன்னாலுள்ள நோட்டுகளில் காலனிக்காரர்கள் பெயர் "ன்" போட்டு வெறுமனே இருக்கிறது, மற்றவர்களுக்குக் கவுண்டர், முதலியார் என்று பட்டம். பின்னாலுள்ள நோட்டுகளில் அவர்கள் பெயருக்கும் "ர்" வந்துவிட்டது, செட்டியார் கையெழுத்தில்தான். எந்த வருசத்தில் மாறியது என்று நோட்டுகளை வரிசையாக வைத்தால் கண்டுபிடித்துவிடலாம். ஊர் மாறிய தேதியே அதில் இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடுவது அந்த ஊரைத்தான் என்கிறார்கள். மணி செய்தவர்களும் வியாபாரிகளும் இருந்த ஊர். அங்கே தோண்டியதில் தமிழ் எழுத்தில் ஆட்களின் பெயர் கீறிய பானையோடுகள் கிடைத்தன, வணிகர் குழுவைக் குறிக்கிற "நிகம" என்ற எழுத்துள்ள ஓடும் கிடைத்தது. ஈராயிரம் வருசத்துக்கு முந்திய ஒரு வியாபாரியின் பெயர் உடைந்த ஓட்டில் கிடைத்தால் நாம் எல்லோரும் பெருமைப்படுகிறோம், படத்தை அனுப்பிக்கொள்கிறோம், நானும்தான். அதே மண்ணில் போன தலைமுறை வரைக்கும் நடந்த வியாபாரம், தேதி போட்டு, பெயர் போட்டு, எவ்வளவு வாங்கினார்கள் என்று வரி வரியாக எழுதி வைத்தது, பழைய பேப்பர் விலைக்குப் போகிறது. ஈரோட்டில் வாழ்ந்து 2023-ல் மறைந்த புலவர் செ. இராசு ஐயா ஊர் ஊராகப் போய்ச் செப்பேடும் ஓலைச்சுவடியும் தேடிச் சேர்த்தார், அவர் சேர்த்திராவிட்டால் கொங்கு நாட்டைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தெரிந்திருக்காது. அந்த ஓலைகளும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டு அட்டாலியில் கிடந்த பழைய கணக்குகள்தானே.

அண்ணாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது, நியாயமான தயக்கம். யார் யார் எவ்வளவு பாக்கி வைத்தார்கள் என்று இதில் இருக்கிறதே, இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிற குடும்பங்கள், வெளியே தெரிந்தால் சங்கடப்படுவார்களே என்றார். செட்டியார் உயிரோடு இருந்தபோது ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்க்க விட்டதில்லை, நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுவார். அந்த மரியாதையைக் கெடுக்கக் கூடாது என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் அதற்கு எரிப்பதோ எடைக்குப் போடுவதோ வழியில்லை. இத்தனை வருசம் வரைக்கும் யாருக்கும் திறந்து காட்டக் கூடாது என்று எழுதி ஒப்படைக்கலாம், படிக்கிறவர்கள் பெயரை மறைத்துப் பண்டத்தையும் விலையையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பேசிப் பார்த்து, கடைசியில் பேப்பர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நோட்டுகள் இப்போதைக்கு அவர் வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்), மரப்பெட்டிக்கு ஆள் வந்துவிட்டதால் தகரப்பெட்டியில் இருக்கின்றன.

கோவை வாசகருக்கு ஒரு வார்த்தை. உங்களை ஏமாற்றிய கடையின் கணக்கு நோட்டு எங்காவது இருந்தால் அதுவும் வேண்டும் ஐயா. ஏமாற்றியிருந்தால் அதுவும் அதில்தான் இருக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கோபி, பவானி, அந்தியூர், தாராபுரம், பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி என்று எல்லா ஊரிலும் இப்படிக் கடைகள் மூடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் நிருபர்கள் அந்தந்த ஊரில் ஒரு பழைய கடையையாவது பார்த்து, கணக்கு நோட்டு இருக்கிறதா என்று கேட்டு எழுதட்டும். ஈரோடு அரசு அருங்காட்சியகமும் நம் பகுதிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் இவற்றை வாங்கி வைத்துக்கொள்ள முன்வருவார்களா என்று உங்கள் பத்திரிகை கேட்டால் பதில் வரும், நான் தனியாகக் கேட்டால் வராது.

அதுவரைக்கும் நோட்டு வைத்திருக்கிற குடும்பங்களுக்கு: வெயிலில் காயப்போடாதீர்கள், மை வெளுத்துவிடும், நிழலில் காற்றாட வைத்தால் போதும். பிளாஸ்டிக் கவரில் கட்ட வேண்டாம், ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் போடலாம், சுவடிகளுக்கு அப்படித்தான் செய்தார்கள். நோட்டு எந்த வருசத்தது, கடை எந்த வீதியில் இருந்தது, அதை எழுதியது யார் என்று ஒரு சீட்டில் எழுதி முதல் பக்கத்தில் வையுங்கள். செல்போன் இருக்கிற பேரன் பேத்தியிடம் பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால், அவருடைய குறிகளுக்கும் சுருக்கெழுத்துக்கும் என்ன அர்த்தம் என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எங்கள் செட்டியார் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் போட்டிருக்கிறார், அது என்னவென்று அவர் மகனுக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரர் மகள்,
பெருந்துறை